ஊசி போட்ட தவளைக் கருக்கள் மறுநாள் காலையில் கூட்டமாகச் செத்துக்கிடப்பது ஏன்?

கேள்வி: செனோபஸ் லேவிஸ் என்ற ஆப்பிரிக்கத் தவளையின் கருக்களில், மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் கலவையை ஊசியால் செலுத்துகிறோம். மாலைவரை நன்றாகப் பிளவுபடுகின்றன. காலையில் பாதிக்கு மேல் செத்திருக்கின்றன. எதைச் சரிசெய்வது?

பதில்: சாவு காலையில் தெரிந்தாலும் காரணம் பெரும்பாலும் முதல் சில மணி நேரத்தில்தான் இருக்கும். பன்னிரண்டு பிளவுகள் முடிந்து ஏறத்தாழ 4,000 செல்கள் ஆகும்வரை, தாய் முட்டையில் சேர்த்துவைத்த ஆர்என்ஏவையும் புரதங்களையும் கொண்டே கரு ஓடுகிறது. அடிபட்ட கருவும் அதுவரை அழகாகப் பிளந்துகொண்டிருக்கும். அடுத்து வரும் கேஸ்ட்ருலா என்ற கட்டத்தில் செல்கள் உள்ளே நகரத் தொடங்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

முதலில் முட்டையைச் சுற்றியுள்ள ஜெல்லியை நீக்கும் முறையைப் பாருங்கள். விந்து சேர்த்து 20 நிமிடம் கழித்து, முட்டையின் கரும்பாதி மேலே திரும்பிவிட்டதா என்று பார்த்த பிறகே தொடங்குங்கள். ஜெல்லியைக் கரைக்கும் 2% சிஸ்டீன், பிஎச் 7.8 முதல் 8.0 வரை, அன்றன்றைக்குக் கலக்க வேண்டும், பழைய கரைசல் வலுவிழந்துவிடும். தட்டை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இருங்கள். ஜெல்லியால் தள்ளித் தள்ளி இருந்த கருக்கள் இடைவெளியில்லாமல் நெருங்கி நிற்கும். அந்த நொடியே சிஸ்டீனை வடித்துவிடுங்கள். கடிகாரத்தைவிடக் கண்ணை நம்புவது மேல். கூடுதலாக விட்டால் கருவைச் சுற்றியுள்ள சவ்வு பலவீனமாகும். பிறகு ஐந்தாறு முறை அலசுங்கள். ஜெல்லி போன கரு காற்றுப்பட்டாலே வெடிக்கும், அதனால் திரவம் வற்றவே கூடாது.

அடுத்தது உப்பு. ஊசிக்குப் பயன்படுத்தும், உப்பு மிகுந்த ஃபிக்கால் (சர்க்கரைப் பாலிமர்) கரைசல் துளை வழியே கரு கசிவதைக் குறைக்கும். ஆனால் இரவு முழுக்க அதிலேயே விட்டால் கேஸ்ட்ருலாவில் செல்கள் உள்ளே போகாமல் வெளியே பிதுங்கும். மாலைக்குள், கேஸ்ட்ருலா தொடங்கும் முன்பே, பத்தில் ஒரு பங்காக நீர்த்த எம்எம்ஆர் என்ற உப்புக் கரைசலுக்கு மாற்றுங்கள். மில்லிக்கு 50 மைக்ரோகிராம் ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் சேர்க்கலாம்.

லேவிஸுக்கு 14 முதல் 22 டிகிரி வரை போதும். அவகாசம் வேண்டுமானால் 16இல் வையுங்கள். இதன் உறவினமான செனோபஸ் டிராபிகாலிஸ் இந்தக் குளிரைத் தாங்காது, அதற்கு 25 டிகிரியை ஒட்டி வேண்டும்.

100 மில்லிமீட்டர் தட்டில் ஐம்பதுக்கு மேல் போடாதீர்கள். சாம்பல் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக வெளிறியவற்றை இரவு கிளம்பும் முன் அகலவாய்ப் பிப்பெட்டால் எடுத்துவிடுங்கள். ஒன்று அழுகினால் பாக்டீரியா பெருகி பக்கத்தில் இருப்பவையும் போகும்.

அதே தாயின் ஊசி போடாத முட்டைகளையும், கிரிஸ்பரின் வெட்டும் புரதமான காஸ்9 மட்டும் போட்டவற்றையும் தனித் தட்டுகளில் வளருங்கள். ஊசி போடாதவையும் சாகின்றன என்றால் அந்த முட்டைத் தொகுதியே சரியில்லை. அதிலிருந்து எந்த மரபணு முடிவும் எடுக்காமல் வேறு தவளையின் முட்டைகளில் மறுபடி செய்யுங்கள். காஸ்9 தட்டில் மட்டும் சாவு அதிகமென்றால் அளவைக் குறையுங்கள்.