ஈ.கோலை எதிர்ப்பு விகிதம் ஏன் இவ்வளவு கூடுதலாக வருகிறது?

உங்கள் ஆஸ்பத்திரி லேபில் ஈ.கோலை பாக்டீரியா சிப்ரோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காமல் போகும் விகிதம், ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆண்டறிக்கையைவிட ரொம்பக் கூடுதலாக வருகிறது என்கிறீர்கள். முதலில் ஒரே நோயாளி எத்தனை தடவை கணக்கில் ஏறியிருக்கிறார் என்று பாருங்கள். மருந்துக்கு அடங்காத கிருமி உள்ளவர்தான் ஐசியூவிலேயே கிடப்பார், அவருடைய யூரின் கல்ச்சர் (சிறுநீரில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை)தான் திரும்பத் திரும்ப வரும், அதையெல்லாம் தனித்தனியாக எண்ணினால் விகிதம் எகிறத்தான் செய்யும். லேப் முடிவுகளைத் தொகுக்கும் ஹூநெட் (WHONET) மென்பொருளில் ஆளுக்கு முதல் மாதிரியை மட்டும் எண்ணும் வசதி உண்டு, அதைப் போட்டு மறுபடி ஓட்டுங்கள். அப்புறம் வெளிநோயாளி, வார்டு, ஐசியூ மூன்றையும் பிரியுங்கள். எங்காவது 30 மாதிரிக்குக் குறைந்தால் சதவீதமே போட வேண்டாம்.

2013-ல் தொடங்கிய ஐசிஎம்ஆரின் மருந்து எதிர்ப்புக் கண்காணிப்பில் பெரும்பாலும் பெரிய ஆஸ்பத்திரிகள்தான். அதனால் உங்களைப் போன்ற சின்ன ஊர்க் கணக்கு நாட்டுக்கு ரொம்பவே தேவை, தயவுசெய்து பாதியில் விட்டுவிடாதீர்கள்.