ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கதை எழுதவைப்பது: கேள்வி பதில்

ஏழாம் வகுப்பு ஆசிரியர், விருதுநகர்: தலைப்புக் கொடுத்தால் நான்கு வரியில் முடித்துவிடுகிறார்கள், அம்மா.

தலைப்பே கொடுக்காதீர்கள். ‘உண்மையே உயர்வு’ என்று பலகையில் எழுதினால் கட்டுரைதான் வரும். ஓர் ஆளையும் அவருடைய அவசரத்தையும் கொடுங்கள்: நோட்டு வாங்க அம்மா தந்த இருபது ரூபாயைத் தொலைத்த சிறுமி, பள்ளி விடும் நேரம். ஒரே இடம், ஒரு மணி நேரத்துக்குள் நடப்பது, இரண்டே பேர். மூன்றாவது ஆள் வந்தால் யார் பேசுவது என்று எழுதுகிற பிள்ளைக்கே குழம்பிவிடும்.

40 நிமிடப் பாடவேளையில் முதல் 8 நிமிடம் பக்கத்துப் பிள்ளையிடம் கதையை வாயால் சொல்லட்டும். அடுத்த 5 நிமிடம் நான்கு கட்டம்: என்ன வேண்டும், எது தடுத்தது, என்ன செய்தாள், என்ன ஆயிற்று. கட்டத்துக்கு ஒரு வாக்கியம் போதும். 20 நிமிடம் பேச்சில்லாமல் எழுத்து. மீதியில் இரண்டு பேர் வாசிக்கட்டும். வாயால் சொல்லவைக்காமல் விட்டால்தான் நான்கு வரி வருகிறது. பேனாவைப் பிடித்த பிறகு கதையை யோசிக்கும் பிள்ளை பாதியில் நின்றுவிடும்.

எட்டாம் வகுப்பு ஆசிரியை, தஞ்சாவூர்: பக்கம் நிறைகிறது, உயிர் இல்லை. ‘மிகவும் பயந்தாள்’, அவ்வளவுதான்.

பயந்தாள், மகிழ்ந்தாள், வருந்தினாள் என்று வரும் இடங்களில் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். அதில் ஒன்றை மட்டும் எடுத்து, கை என்ன செய்தது, கண்ணில் என்ன பட்டது, காதில் என்ன விழுந்தது என்று எழுதட்டும். ‘கவிதா மிகவும் பயந்தாள்’ என்பது இப்படி மாறும்:

‘கவிதா பையைத் தரையில் கொட்டினாள். ஜாமெட்ரி பாக்ஸை மறுபடி திறந்து பார்த்தாள். ஆயாம்மா ஒவ்வொரு வகுப்பாகப் பூட்டிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது.’

எல்லா வரியையும் இப்படி நீட்டினால் கதை நகராது. சிக்கல் முற்றும் இடத்தில் மட்டும்.

பெற்றோர், திருச்சி: என் மகன் எல்லாக் கதையையும் ‘கண் விழித்தான், எல்லாம் கனவு’ என்று முடிக்கிறான்.

சிக்கல் பெரிதாகிவிட்டது, வெளியே வர வழி தெரியவில்லை. பேய் மாதிரி பெரிய சிக்கலுக்குப் பதில், பூட்டிய கதவு மாதிரி சின்னச் சிக்கல் வைக்கட்டும்.

சேலம்: கடைசியில் நீதி எழுத வேண்டுமா?

வேண்டாம். நீதி உண்டு என்று தெரிந்தால் முதல் வரியிலேயே நல்லவன், கெட்டவன் என்று பிரித்துவிடுவார்கள். வினாத்தாள் கேட்டால் மட்டும் ஒரு வரி.

கோவை: உரையாடலில் பேச்சுத்தமிழ் விடலாமா?

தாராளமாக, மேற்கோள் குறிக்குள் மட்டும். விவரிப்பு எழுத்துத்தமிழில் இருக்கட்டும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மதுரை: இதை ஏற்க முடியாது. எட்டாம் வகுப்பில் ‘போச்சு’ எழுதினவன் பத்தாம் வகுப்புக் கடிதத்திலும் அதையே எழுதுவான்.

ஐயா, எல்லை தெரியாத பிள்ளைதான் அப்படி எழுதும். ‘எங்கடி போட்டே?’ என்பதை மேற்கோளுக்குள் ஒரு தடவை, ‘எங்கே போட்டாய் என்று அம்மா கேட்டாள்’ என மேற்கோள் இல்லாமல் ஒரு தடவை எழுதவையுங்கள். எல்லை தானாகப் பிடிபடும். பேரனிடம் ‘நீ எங்கே செல்கிறாய்?’ என்று கேட்கும் பாட்டியை எந்தப் பிள்ளை நம்பும்? கரிசல் பேச்சில் எழுதிய கி. ராஜநாராயணனுக்கு 1991-இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. நம் வகுப்பறை ஏன் அதற்கு அஞ்ச வேண்டும்?

நாகர்கோவில்: வெளியூர் ஆசிரியர் எங்கள் ஊர்ச் சொல்லைப் பிழை என்று அடிக்கிறார்.

அடிக்கக் கூடாது. பொருள் என்ன என்று பிள்ளையிடம் கேட்க வேண்டும்.

மதுரை (மீண்டும்): மதிப்பெண் போனால் யார் பொறுப்பு?

அந்தக் கவலை நியாயம், ஐயா. தேர்வுத்தாளில் உரையாடலும் எளிய எழுத்துத்தமிழில் இருக்கட்டும். வகுப்புக்கு ஒன்று, தேர்வுக்கு ஒன்று என்று பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

கடலூர்: எந்தத் தலைப்புக் கொடுக்கலாம்?

முதல் பதிலிலேயே சொன்னேன். தலைப்பு வேண்டாம்.

ஈரோடு: ஆங்கிலக் கதைக்கும் இதே முறையா?

ஆங்கில ஆசிரியரைக் கேளுங்கள்.

வேலூர்: ஒற்றுப்பிழை, ல-ள-ழ பிழை எல்லாம் திருத்த வேண்டாமா? 42 நோட்டு!

முதல் வரைவில் சிவப்பு மை கூடவே கூடாது. வட்டம் போட்ட சொல்லை அடுத்த முறை பிள்ளை தவிர்த்துவிடும். தெரிந்த சொல்லை மட்டும் வைத்து எழுதும். இரண்டாம் வரைவில் ஒரே ஒரு வகைப் பிழையைத் திருத்துங்கள், இந்த மாதம் ல-ள-ழ மட்டும் என்பதுபோல. வாரம் பத்து நோட்டு போதும். ஒவ்வொன்றிலும் நன்றாக வந்த வரிக்குக் கீழே ஒரு கோடு, பிறகு ஒரே கேள்வி: ‘அந்த இருபது ரூபாயைக் கண்டெடுத்தது யார்?’ பதிலை எழுதும்போது கதை தானாக அரைப் பக்கம் நீளும்.

தேனி: நீதி வேண்டாம் என்றால் பயன்…

வேண்டாம். சேலத்துக்குச் சொன்னதேதான்.