கணினி ‘குவிந்துவிட்டது’ என்று சொன்னால் விடையை நம்பிவிடலாமா?

திரும்பத் திரும்பத் திருத்தி உகந்த விடையைத் தேடும் அல்காரிதங்கள் அறிவியல் ஆய்வில் எங்கே பயன்படுகின்றன, அவை தரும் முடிவை எந்த அளவுக்கு நம்பலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விதான் கடினமானது. அதற்கே அதிக இடம் தருகிறேன்.

நேரடியாகத் தீர்க்க முடியாத ஒரு கணக்கில், ஏதேனும் ஓர் ஊகத்தில் தொடங்கி, அது அளவீடுகளோடு எவ்வளவு முரண்படுகிறது என்று கணக்கிட்டு, அந்த முரண் குறையும் திசையில் ஊகத்தைச் சற்றே நகர்த்தி, மறுபடியும் கணக்கிடுவதே இம்முறைகளின் சாரம். மதிப்பு மேலும் குறிப்பிடத்தக்க அளவுக்கு மாறாமல் நின்றுவிட்டால், ‘குவிந்துவிட்டது’ என்று மென்பொருள் அறிவிக்கும். அந்த முரணை நிலத்தின் உயரமாகக் கற்பனை செய்தால், மிகத் தாழ்ந்த இடத்தைத் தேடுவதே வேலை. மிகச் செங்குத்தான சரிவில் இறங்கும் வழியைப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் கோஷி 1847-இலேயே எழுதிவிட்டார். நீண்டு குறுகிய பள்ளத்தாக்கு ஒன்றில் மாட்டிக்கொண்டால் அது இரு பக்கச் சுவர்களிலும் மாறி மாறி மோதிக்கொண்டு மெல்லத்தான் முன்னேறும். நியூட்டன் முறை பரப்பின் வளைவையும் கணக்கில் கொள்வதால் விடைக்கு அருகில் வேகமாகப் பாயும், தொலைவில் இருந்தாலோ தடுமாறும். இவ்விரண்டின் இயல்பையும் சூழலுக்கேற்பக் கலக்கும் முறையை லெவன்பெர்க் 1944-இலும் மார்க்வார்ட் 1963-இலும் தனித்தனியே வெளியிட்டனர். ஆய்வகங்களில் வளைகோடு பொருத்தும் மென்பொருள்கள் பலவற்றுக்குள் இன்றும் ஓடிக்கொண்டிருப்பது அதுதான்.

அந்த முறையிடம் நான் ஒருமுறை நன்றாக ஏமாந்தேன். ஓர் ஒளிர்வு காலப்போக்கில் மங்குவதை அளந்து, அதில் இரண்டு ஆயுட்காலங்கள் (எவ்வளவு வேகமாக மங்குகிறது என்பதைக் குறிக்கும் எண்கள்) கலந்திருப்பதாகக் கொண்டு, அவற்றைப் பிரித்தெடுக்க முயன்றேன். வெவ்வேறு தொடக்க மதிப்புகளைக் கொடுத்து மூன்று முறை ஓட்டினேன்; மூன்று முறையும் குவிந்துவிட்டதாகவே மென்பொருள் அறிவித்தது, ஆனால் ஆயுட்காலங்கள் மூன்று விதமாக வந்தன. வரைபடத்திலோ மூன்று கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒரே கோடாகத் தெரிந்தன. நிரலில் பிழை தேடி இரண்டு நாட்களை வீணாக்கிய பிறகுதான், ஒன்றுக்கொன்று நெருங்கிய அந்த இரண்டு எண்களைப் பிரித்தறியும் அளவுக்கு என் அளவீட்டில் தகவலே இல்லை என்பது புரிந்தது. அடுத்த அடியை எடுத்து வைத்தாலும் மதிப்பு குறிப்பிடத்தக்க அளவுக்கு மாறாது என்பதற்கு மேல் ‘குவிந்தது’ என்ற சொல் எதையும் உறுதி செய்வதில்லை.

மூலக்கூறுகளை உறையவைத்து எலெக்ட்ரான் கற்றையால் படமெடுக்கும் உறைநிலை எலெக்ட்ரான் நுண்ணோக்கித் துறையில் இந்த ஆபத்துக்கு ஒரு புகழ்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. அங்கே புரத மூலக்கூறுகளின் மங்கலான படங்கள் ஏராளமாக எடுக்கப்பட்டு, ஒவ்வொன்றும் ஒரு மாதிரிப் படத்தோடு பொருத்தித் திருப்பப்பட்டு, சராசரி காணப்பட்டு, அந்தச் சராசரியே அடுத்த சுற்றின் மாதிரியாகிறது. மூலக்கூறே இல்லாத, வெறும் இரைச்சல் (ஒழுங்கற்ற புள்ளிகள்) மட்டுமே நிறைந்த படங்களை ஐன்ஸ்டைனின் முகத்தோடு இப்படிப் பொருத்திச் சராசரி எடுத்தால், ஐன்ஸ்டைனின் முகமே வெளிப்படும். எதைத் தேடிப் போனோமோ அதையே அல்காரிதம் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. இதனால்தான் தரவை இரண்டு பாதிகளாகப் பிரித்து, ஒன்று மற்றொன்றை அறியாதபடி தனித்தனியே செம்மைப்படுத்தி, இரண்டும் எந்த நுணுக்கம் வரை ஒத்துப்போகின்றன என்று பார்ப்பது அத்துறையில் வழக்கமாகிவிட்டது.

கருந்துளைப் படத்திலும் இதே கவலை இருந்தது. எம்87 விண்மீன் திரளின் மையத்தை 2017 ஏப்ரலில் நோக்கிய தொலைநோக்கிகள் பூமியெங்கும் ஒரு சிலவே என்பதால், கிடைத்த அளவீடுகளுக்குப் பொருந்தக்கூடிய படங்கள் எண்ணற்றவை. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க, வானொலி வானியலாளர் ஹேக்பம் 1974-இல் முன்வைத்த, ஒளிப்புள்ளிகளை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போகும் முறையும், அளவீட்டோடு பொருந்துவதையும் படத்தின் சீர்மையையும் சேர்த்து உகப்பாக்கும் முறைகளும் பயன்பட்டன. நான்கு குழுக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளாமல் படத்தை உருவாக்கின. நான்கிலும் வளையம் வந்தது. வளையமே இல்லாத செயற்கைப் படங்களிலிருந்து தரவைத் தயாரித்து, அங்கே இல்லாத வளையத்தை இம்முறைகள் கற்பனை செய்கின்றனவா என்றும் சோதித்தார்கள். அதன் பிறகே 2019 ஏப்ரல் 10 அன்று படம் வெளியானது. இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது படத்தைவிட இந்தச் சோதனைதான்.

மற்ற பயன்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆங்கிலப் பொறியாளர் ஹௌன்ஸ்ஃபீல்டின் தொடக்ககால சி.டி. ஸ்கேனரே படத்தைப் படிப்படியாகத் திருத்தித்தான் உருவாக்கியது. பின்னர் வேகமான நேரடி முறைகள் அதன் இடத்தைப் பிடித்தன, கணினி வலுப்பெற்றதும், கதிர்வீச்சைக் குறைக்கும் நோக்கில் பழைய எண்ணம் புதிய வடிவில் திரும்பி வந்தது. மூலக்கூறின் எலெக்ட்ரான் அடர்த்தியைக் கணக்கிடுவதும், வானிலை மாதிரியின் தொடக்க நிலையை அளவீடுகளுக்கு இசைவாக்குவதும், நரம்பியல் வலைப்பின்னல்களைப் பயிற்றுவிப்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

உங்கள் கணக்கில் குறைந்தது இரண்டு சோதனைகளைச் செய்துவிடுங்கள். தொலைவான பல தொடக்கங்களிலிருந்து ஓட்டி, விடைகள் ஒரே இடத்துக்கு வருகின்றனவா என்று பாருங்கள். பிறகு, விடை உங்களுக்கு முன்பே தெரிந்த செயற்கைத் தரவில் உண்மையான இரைச்சலின் அளவையும் சேர்த்துக் கொடுத்து, நீங்கள் வைத்த எண்களையே அல்காரிதம் மீட்டுத் தருகிறதா என்று பாருங்கள். இரண்டாவது சோதனையை நான் முதல் நாளே செய்திருந்தால், அந்த இரண்டு ஆயுட்காலங்களையும் தேடியே இருக்க மாட்டேன்.