தொட்டியில் வாய் வைக்காத மாடு

கேள்வி: வீட்டிலிருந்து 35 மீட்டர் தள்ளி மாட்டுக் கொட்டகை. தென்னைகளில் கட்டி 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர் இரண்டு இழுத்து, இரண்டு லைட்டும் 2 எச்.பி. தீவனம் வெட்டும் மெஷினும் ஓட்டுகிறோம். மெஷினைப் போட்டால் லைட் மங்குகிறது. இப்போது கறவை மாடு இரும்புத் தொட்டியில் தண்ணீர் குடிக்க மறுக்கிறது. பிளாஸ்டிக் வாளியில் வைத்தால் குடிக்கிறது. தடிமனான வயர் போட்டால் சரியாகுமா?
– வாசகி, காங்கேயம்

பதில்: வயர் அப்புறம் அம்மா. இன்றே கொட்டகைக்குப் போகும் லைனை வீட்டு மெயினிலேயே நிறுத்துங்கள். மாடு அடம் பிடிக்கவில்லை, தொட்டியில் கரண்ட் கசிகிறது என்றுதான் சந்தேகப்பட வேண்டும். நாம் செருப்புப் போட்டுக்கொண்டு தொட்டால் தெரியாத சில வோல்ட், ஈரத் தரையில் நின்று ஈர வாயை வைக்கிற மாட்டுக்குச் சுருக்கென்று தெரியும். டெஸ்டர் எரியவில்லையே என்று நீங்கள் கை வைத்துப் பார்க்க வேண்டாம். வயர்மேனைக் கூப்பிட்டு மோட்டாரை மெக்கர் (கசிவைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டே வயர் என்கிறீர்கள், அப்படியானால் எர்த் இல்லை. மோட்டார் காயிலில் கசிவு வந்தால் மெஷின் சட்டம் முழுக்கக் கரண்ட் ஏறி நிற்கும். தொட்டியோ தண்ணீர்ப் பைப்போ அதைத் தொட்டுக்கொண்டிருந்தால் அங்கும் வரும். ஓவர்லோடு, ஷார்ட் ஆனால் விழும் சுவிட்சான 16 ஆம்பியர் எம்.சி.பி. இதற்கெல்லாம் விழாது. உயிரைக் காப்பது, கரண்ட் கசிந்தால் உடனே லைனை வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச். கொட்டகை லைனுக்குத் தனியாக ஒன்று வையுங்கள். அதன் நியூட்ரலும் அதிலிருந்தே போக வேண்டும். சிலர் பேஸை மட்டும் அதிலிருந்து எடுத்து, நியூட்ரலை வேறிடத்தில் சேர்ப்பார்கள். லோடு போட்டதும் விழும். உடனே ‘இந்த ஆர்.சி.சி.பி. சரியில்லைங்க’ என்று அதைத் தாண்டி நேராக வயர் கொடுத்து (ஜம்பர்) விட்டுப் போவார்கள். விடாதீர்கள்!

கொட்டகைப் பக்கத்தில் எர்த் குழி எடுத்து 2.5 மீட்டர் ஜி.ஐ. பைப் இறக்குங்கள். மெஷின் சட்டம், தொட்டி, இரும்புத் தூண், பைப் எல்லாவற்றையும் அந்த ஒரே எர்த்தில் சேர்த்துக் கட்ட வேண்டும். ஒன்றுக்கொன்று வோல்டேஜ் வித்தியாசம் இருந்தால்தான் மாட்டுக்கு அடிக்கும்.

இனி லைட் மங்குவது. 2 எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடும்போது சுமார் 12 ஆம்பியர் இழுக்கும். 1.5 காப்பர் வயரில் 35 மீட்டருக்கு 12 வோல்ட் போய்விடும். ஸ்டார்ட் ஆகும்போது ஐந்து மடங்கு கரண்ட் இழுத்தால் 50 வோல்ட்டுக்கு மேல் போகும். 4 ஸ்கொயர் காப்பரில் ஓடும்போது 5 வோல்ட்கூடக் குறையாது. 3 கோர் ஆர்மர்டு கேபிள் வாங்கி, முக்கால் மீட்டர் ஆழத்தில் மணல் பரப்பிப் புதைத்து, மேலே செங்கல் அடுக்குங்கள். மூன்றாவது கோர் எர்த்துக்கு, மேலுள்ள கம்பிக் கவசத்தையும் எர்த் செய்ய வேண்டும். எம்.சி.பி. சி டைப் (மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கும் கரண்ட்டைத் தாங்கும் வகை) 20 ஆம்பியர். தென்னையில் வயர் கட்டும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள், ஒரு மட்டை விழுந்தால் போதும்.

வீட்டு இணைப்பில் 2 எச்.பி. கூடியிருப்பதை மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி, லோடு போதுமா என்று கேளுங்கள்.

எல்லாம் முடிந்தாலும் மாடு சில நாள் தொட்டியை நம்பாது. அதுவரை வாளியிலேயே வையுங்கள். வெயில் காலத்தில் கறவை மாட்டுக்குத் தண்ணீர் குறைந்தால் பாலும் குறையும்.