வேலை போனால், உடல் முடங்கினால்: எந்தக் கதவை எப்போது தட்டுவது?

வேலை இழந்தவருக்கு மாதாமாதம் படி தரும் அரச திட்டம் இலங்கையில் இல்லை. இருப்பவை தனித்தனிக் கதவுகள். ஒவ்வொன்றுக்கும் தனிப் படிவம், தனிக் காலக்கெடு. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளும், தொழிற்சட்டம் அறிந்த ஒருவரின் பதில்களும் இங்கே.

ஏறாவூர்: சேர், கார்மெண்டில் 7 வருஷமும் 8 மாதமும் வேலை. ஓடர் இல்லையாம், ஆள் குறைக்கிறாங்களாம். "ராஜினாமாக் கடிதம் தாங்க, மறுகா கணக்கு முடிப்பம்" எண்டு சொல்றாங்க. எழுதிக் குடுக்கவா?

எழுதாதீங்க தங்கச்சி. உங்களிடம் இருக்கும் பலமே அந்தக் கையெழுத்துத்தான். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்த அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அது இல்லையென்றால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். இது 1971இன் 45ஆம் இலக்கச் சட்டம். நிறுத்தத்துக்கு முந்திய 12 மாதத்தில் 180 நாளாவது வேலை செய்தவரைக் காக்கிறது. ராஜினாமா எழுதினால் "அவராகப் போனார்" என்று ஆகிவிடும். நட்டஈட்டுப் பேச்சு அதோடு முடிந்தது. வாயால் "நாளைக்கு வராதே" என்றால், அந்தத் திகதியைக் குறித்துவைத்து, "வேலைக்குத் தயாராக இருக்கிறேன்" என்று பதிவுத்தபாலில் ஒரு கடிதம் போட்டுப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். தொழில் திணைக்களத்தில் 6 மாதத்துக்குள் முறையிட வேண்டும். முதலாளி "பார்ப்போம், பார்ப்போம்" என்று இழுத்தடிப்பதிலேயே பலருக்கு இந்தக் கெடு கைநழுவிப் போகிறது.

பணிக்கொடை, அதாவது சேவைக்காலத்துக்காக முதலாளி தரும் மொத்தப் பணம், வேறு விஷயம். நீங்களாக விலகினாலும் அது உண்டு, 5 வருடம் பூர்த்தியாகியிருந்தால் போதும். மாதச் சம்பளக்காரருக்கு, பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம். சம்பளம் 40,000 ரூபாய் என்றால் 20,000 × 7 = 140,000 ரூபாய். மிச்சம் 8 மாதம் கணக்கில் வராது, ஓவர்டைமும் சேராது. நாட்கூலிக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் கூலி. வேலை முடிந்து 30 நாளுக்குள் தர வேண்டும்; பிந்தினால் பிந்திய காலத்தைப் பொறுத்து 10 முதல் 30 சதவீதம் வரை மேலதிகமாகக் கட்ட வேண்டும். "முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளில் காசு கைக்கு வருமுன் ஒப்பமிட வேண்டாம்.

ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதியம்) பணத்தை வேலை போனதும் கேட்கலாம், வயது பார்ப்பதில்லை. ஆனால் ஒருமுறை எடுத்தால் அடுத்தது 5 வருடத்துக்குப் பிறகுதான். ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதியம்) அப்படியல்ல: வேலை போனது மட்டும் காரணமாகாது, பெண்களுக்கு 50 வயதும் ஆண்களுக்கு 55 வயதும் ஆகியிருக்க வேண்டும்.

களுவாஞ்சிகுடி: ஆறு பேர் வேலை செய்யிற கடை. திடீரெண்டு நிப்பாட்டிற்றார். ஈ.பி.எஃப். ஒருநாளும் கட்டவே இல்ல. நமக்கும் சட்டம் இருக்கா?

இருக்கிறது தம்பி. மேலே சொன்ன 15 பேர்க் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது என்பதால் நீங்கள் போக வேண்டிய இடம் தொழில் வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாயசபை. அங்கும் 6 மாதம்தான் கெடு. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே விண்ணப்பிக்கலாம், பணிக்கொடையையும் அங்கேயே கேட்கலாம். ஈ.பி.எஃப்.புக்கு ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் முதலாளி கட்டியாக வேண்டும்: உங்கள் சம்பளத்தில் 8, அவர் பங்கு 12 சதவீதம். ஈ.டி.எஃப். 3 சதவீதம் முழுக்க அவருடையது. தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுங்கள். சம்பளத் துண்டு இல்லையென்றால் வவுச்சர், வருகைப் பதிவின் படம், சம்பளம் அனுப்பிய வங்கிக் குறிப்பு, கூட வேலை செய்தவரின் சாட்சி, எல்லாம் உதவும்.

சம்மாந்துறை: அரிசி ஆலை பெல்ட்டில் எங்கட நானாவுக்கு ரெண்டு விரல் போயிற்று. முதலாளி ஆஸ்பத்திரிச் செலவு தந்தார். அதோட முடிஞ்சுதா?

முடியவில்லை. 1934இன் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, வேலையின்போது, வேலையால் நேர்ந்த காயத்துக்கு நட்டஈடு உண்டு. மருந்துச் செலவு தந்தது அதற்கு ஈடாகாது. இழந்த உறுப்பையும் சம்பளத்தையும் வைத்துத் தொகை கணிக்கப்படும். இதில் கவிழ்வது பெரும்பாலும் முதல் நாளில்தான்: ஆஸ்பத்திரியில் "வீட்டில் விழுந்தேன்" என்று சொல்லிவிடுவார்கள், அதுவே பதிவாகிவிடும். ஆஸ்பத்திரி தரும் நோய்க் குறிப்பு அட்டையில் (டயக்னோசிஸ் கார்ட்) காயத்தின் காரணம் எப்படி எழுதியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். பொலிஸில் முறைப்பாடு இல்லையென்றால் அதையும் செய்து, முதலாளிக்கு எழுத்தில் அறிவித்து, தொழில் அலுவலகத்தில் வழி கேளுங்கள்.

வாழைச்சேனை: அப்பாவுக்கு 49 வயசு, கம்பெனி டிரைவர். பாரிசவாதம், ஒரு பக்கம் இழுத்திற்று. ஈ.பி.எஃப். எடுக்க 55 வரைக்கும் காத்திருக்கணுமா?

வேண்டாம் மகள். நிரந்தரமாக, முழுமையாக வேலைக்கு இயலாது போனால் வயது வரம்பு இல்லை. ஆனால் "3 மாதம் ஓய்வு தேவை" என்ற வைத்திய சான்றிதழ் இதற்குச் செல்லாது. "நிரந்தரமாக வேலை செய்ய இயலாதவர்" என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும். எந்த வேலை செய்தார், எதைச் செய்ய முடியவில்லை என்று வைத்தியரிடம் விவரமாகச் சொல்லுங்கள். அடையாள அட்டை, ஈ.பி.எஃப். பதிவு, வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கட்டும். முதலெழுத்து மாறினாலும் கோப்பு திரும்பி வரும்.

அக்கரைப்பற்று: எங்களுக்கு அஸ்வெசும வருது. நடக்க ஏலாத தம்பிக்கு வேறயா கேட்டா அது நிண்டுருமா எண்டு உம்மா பயப்படுறா.

பயப்பட வேண்டாம் என்று உம்மாவிடம் சொல்லுங்கள். அஸ்வெசும என்பது குடும்பத்தின் வறுமை நிலையைப் பார்த்து அரசு தரும் உதவிப்பணம், மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு தம்பியின் உடல்நிலைக்காகத் தருவது. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். ஜீ.எஸ். (கிராம உத்தியோகத்தர்) உறுதிப்படுத்திய கடிதம், வைத்திய அறிக்கை, தம்பியின் அடையாள அட்டை ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். விண்ணப்பம் பதிந்த திகதியையும் இலக்கத்தையும் எழுதி வாங்காமல் திரும்ப வேண்டாம். காத்திருப்போர் பட்டியலில் உங்கள் இடத்தைப் பிறகு கேட்க அதுதான் பிடி.