அப்பாவுக்குப் பால் பருக்கலாமா?

அன்புள்ள அண்ணாவுக்கு,

அப்பாவுக்கு 79 வயது. முன்பு ஒருமுறை நெஞ்சு நின்றுபோய், மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியில் உயிர்ப்பித்தார்கள். பெரிய வெளிச்சத்தையும் செத்துப்போன தன் அக்காவையும் கண்டதாக அப்போது சொன்னார். இப்போது இருதயம் மிகப் பலவீனம். வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இரவில் அந்த அக்காவோடு, அதாவது என் மாமியோடு, பேசுகிறார். அவர் கண்டது உண்மையா? சொந்தக்காரர் பால் பருக்கச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

– களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

நெஞ்சு நின்று மீண்டவர்களில் சிலர் இப்படிக் காண்பது உண்மைதான். நெதர்லாந்தில் 344 பேரிடம் விசாரித்து 2001 இல் வெளியிட்ட ஆய்வில் 62 பேர் ஏதோ கண்டதாகச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு ஒன்றும் நினைவில்லை. ஆய்வாளர்கள் சத்வந்த் பஸ்ரிச்சாவும் இயன் ஸ்ரீவன்சனும் 1986 இல் எழுதிய இந்திய அனுபவங்களில் எமதூதர்கள் ஆள் மாறிக் கொண்டுவந்துவிட்டதாகச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். வளர்ந்த ஊரும் காட்சிக்குள் வந்துவிடுகிறது போலும். அது மூளையின் வேலையா, அதற்கு அப்பாலா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. எப்படியும் அவர்கள் திரும்பி வந்தவர்கள். அப்பா இப்போது போவது வேறு வழி, மெதுவான வழி. ஆயத்தம் அதற்குத்தான் வேண்டும்.

மாமியோடு அமைதியாகப் பேசினால் பேச விடுங்கள். "அங்க ஒருத்தரும் இல்லை" என்று திருத்தாதீர்கள். பயந்து, உடுப்பைப் பிடுங்கி, எழும்பி ஓடப் பார்த்தால் அது வேறு. முதலில் அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். சிறுநீர் கட்டி நின்றால் புடைத்து இறுகியிருக்கும். மலச்சிக்கல், காய்ச்சல், புதிதாகத் தொடங்கிய குளிசை இவையும் காரணமாகலாம். வைத்தியரிடம் சொன்னால் பெரும்பாலும் தணிக்க வழியுண்டு.

இனிப் பால். விழுங்கும் சக்தி போனபின் வாயில் ஊற்றும் பால் வயிற்றுக்குப் போகாது, மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். அது அவரைத் திணறடிக்கும். சடங்கை விடவும் வேண்டாம்: பஞ்சைப் பாலில் தோய்த்துப் பிழிந்து உதட்டை நனையுங்கள், போதும். (முஸ்லிம் வீடுகளில் ஸம்ஸம் தண்ணீருக்கும் இதே முறைதான்.) முழு விழிப்பில் அவரே கேட்டால் நிமிர்த்தி இருத்தி, ஒரு தேக்கரண்டி கொடுத்து, விழுங்கியதைப் பார்த்தபின் அடுத்தது. சாப்பாடு குறைவதால் சாவு வருவதில்லை. சாவு நெருங்குவதால்தான் பசி போகிறது. சேலைன் ஏற்றச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம். பலவீனமான இருதயத்தால் அந்தத் தண்ணீரைத் தள்ள முடியாது. கால் வீங்கும், நெஞ்சில் சளி கூடும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஈரத்துணியால் வாயைத் துடைத்து உதட்டில் வஸ்லின் பூசினால் தாகம் அடங்கும்.

மூச்சு முட்டினால் தட்டையாகப் படுக்க வைக்காதீர்கள். தலையணைகளால் முதுகை உயர்த்தி, மின்விசிறிக் காற்று முகத்தில் படும்படி வையுங்கள். வைத்தியர் மோர்பின் எழுதினால் பயம் வேண்டாம். அளவோடு கொடுத்தால் மூச்சுத்திணறலைத் தணிக்கும். கூடவே மலமிளக்கியும் கேட்டு வாங்குங்கள், மோர்பின் கட்டாயம் மலத்தைக் கட்டும்.

கடைசி நாட்களில் பாதம் குளிரும், முழங்காலில் ஊதாத் திட்டுகள் வரும், மூச்சு அரை நிமிடம் நின்று மறுபடி தொடங்கும். சேடம் இழுக்கும் சத்தம்தான் வீட்டாரை அதிகம் கலங்க வைப்பது. விழுங்க முடியாத எச்சில் தொண்டையில் தேங்கி எழும் சத்தம் அது. அந்த நேரத்தில் அவருக்கு அநேகமாக உணர்வு இராது. ஒருபக்கம் சரித்துப் படுக்க வைத்தால் குறையும். துணியை விட்டுத் தொண்டையைத் துழாவக்கூடாது. காது கேட்கும் என்றே எண்ணிப் பேசுங்கள். 2020 இல் கனடாவின் வன்கூவரில் செய்த ஆய்வில், பதில் சொல்ல முடியாத நிலையிலிருந்த சிலரின் மூளையும் ஒலிக்கு அசைந்தது. ஆகையால் காணிப் பங்கைக் கட்டிலடியில் பேசாதீர்கள்.

கடைசி நேரத்தில் 1990 அம்புலன்ஸ் சேவையை அழைப்பதா என்பதை வைத்தியரோடும் குடும்பத்தோடும் இப்போதே பேசி முடிவெடுங்கள். அம்புலன்ஸ் வந்தால் உயிர்காக்கத்தான் பார்ப்பார்கள். நெஞ்சை அமுக்குவதில் விலா எலும்பு முறியவும் கூடும்.

மரண சாசனம் எழுத விருப்பமானால் தெளிவு இருக்கும்போதே எழுத வேண்டும்: நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள். நெஞ்சில் பேஸ்மேக்கர் (இருதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி) வைத்திருந்து உடலை எரிப்பதாக இருந்தால் எரிக்கமுதல் அதை எடுப்பிக்க வேண்டும், தீயில் வெடிக்கக்கூடும். மூச்சு அடங்கினால் அவசரம் ஒன்றுமில்லை. உடல் விறைக்கமுதல் கண்ணை மூடி, தாடையைக் கட்டி, கைகால்களை நேராக்குங்கள். பிறகு கிராம சேவகருக்குச் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். நோயைக் காட்ட எழுத்து ஒன்றும் இல்லாவிட்டால் விஷயம் திடீர் மரண விசாரணை அதிகாரி வரை போகலாம்.