உறவினர் கொண்டுபோன படகில் புரொப்பல்லர் அடிபட்டால்

கேள்வி: என்னிடம் பின்பக்கம் வெளியே அவுட்போர்டு மோட்டார் பொருத்திய சிறிய படகு ஒன்று இருக்கிறது. என் மைத்துனர் குடும்பத்தோடு போய்வரக் கேட்டார், கொடுத்தேன். திரும்பி வந்ததும், "அடியில ஏதோ தட்டுச்சு மாமா, ஆனா படகு நல்லாத்தான் ஓடுது" என்றார். பார்த்தால், படகைத் தள்ளும் விசிறியான புரொப்பல்லரின் மூன்று பிளேடுகளில் ஒன்று நுனியில் மடங்கியிருக்கிறது. வேகமெடுத்தால் படகு அதிர்கிறது. அப்படியே ஓட்டலாமா? செலவை அவரிடம் கேட்கலாமா? கேட்டால் மனக்கசப்பு வந்துவிடுமோ என்று தயக்கமாக இருக்கிறது.

பதில்: அப்படியே ஓட்டாதீர்கள். அதிர்வு இல்லாமல் இருந்திருந்தால் கொஞ்சம் பொறுக்கலாம் என்று சொல்லியிருப்பேன். ஒரு பிளேடு மடங்கினால் புரொப்பல்லர் சமநிலை இழந்து சுற்றும். அந்த அதிர்வு புரொப்பல்லரைச் சுற்றும் தண்டான ஷாஃப்ட், பேரிங், தண்ணீர் உள்ளே புகாமல் அடைக்கும் சீல் என்று ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டே போகும். புரொப்பல்லரோடு முடிய வேண்டிய செலவை கியர் பெட்டிவரை இழுத்துவிடுவது அடிபட்ட பிறகும் தொடர்ந்து ஓட்டுவதுதான். கரை சேர வேறு வழியே இல்லை என்றால் மட்டும், மிக மெதுவாக ஓட்டி வரலாம்.

பணப் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். என்ன உடைந்தது, எப்போது உடைந்தது என்று தெரியாமல் தொகை பேச உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் சங்கடம்தான். முடிந்தால் மைத்துனரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே புரொப்பல்லரைக் கழற்றுங்கள். நீங்கள் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டால் பிறகு விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

கழற்றுவதற்கு முன் சாவியை எடுத்துவிடுங்கள், இன்ஜினை உடனே அணைக்கும் கில் சுவிட்ச்சின் கயிற்றையும் கழற்றிவிடுங்கள், ஸ்பார்க் பிளக் ஒயர்களையும் பிடுங்கி வையுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். தற்செயலாக இன்ஜின் ஒரு சுற்று சுற்றினாலும் விரல் போய்விடும், இதில் அவசரமே கூடாது. பிறகு புரொப்பல்லருக்கு மேலே கிடையாக நீட்டியிருக்கும் தட்டுக்கும் ஒரு பிளேடுக்கும் இடையில் ஒரு மரக்கட்டையை வைத்தால் புரொப்பல்லர் சுற்றாமல் நிற்கும். நட் கழன்றுவிடாமல் தடுக்கும் காட்டர் பின்னை நிமிர்த்தி உருவிவிட்டு நட்டைக் கழற்றுங்கள். வாஷர்கள் எந்த வரிசையில், எந்தப் பக்கம் பார்த்து வருகின்றன என்று அப்போதே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். உள்பக்கம் இருக்கும் தடித்த வாஷர் பல நேரம் புரொப்பல்லரோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அதை மறந்துவிட்டுத் திரும்ப மாட்டினால் புரொப்பல்லர் கியர் பெட்டியில் உரசும்.

கையில் வந்த புரொப்பல்லரை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். புதிதாக அடிபட்ட இடத்தில் உலோகம் பளிச்சென்று மின்னும், கீறலின் விளிம்பு விரலில் கூர்மையாகப் படும். பழைய காயம் மங்கி, விளிம்பு மழுங்கி, சில நேரம் பாசிகூடப் பிடித்திருக்கும். மூன்று பிளேடுகளின் நுனியிலும் பெயின்ட் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் அது மணலில் உரசியது, அநேகமாகப் பல மாதத் தேய்மானம். கல்லில் மோதியிருந்தால் துண்டாகக் கடித்தெடுத்தது போன்ற பள்ளம் இருக்கும். பிளேடின் பின்விளிம்பு சுருண்டிருந்தால், ரிவர்சில் வந்து எதிலோ மோதியிருக்க வாய்ப்பு அதிகம். புரொப்பல்லருக்குக் கீழே மீன் துடுப்பு போல நீண்டிருக்கும் ஸ்கெக் பகுதியையும் பாருங்கள். தரை தட்டியிருந்தால் பெரும்பாலும் முதல் அடி அதற்குத்தான் விழும். அது கியர் பெட்டியோடு சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று துடைத்துவிட்டுப் பாருங்கள். ஸ்கெக் சேதமில்லாமல் ஒரே ஒரு பிளேடு மட்டும் மடங்கியிருந்தால், மிதந்து வந்த கட்டை மாதிரி எதிலாவது பட்டிருக்கலாம். அதை ஓட்டியவர் கவனக்குறைவு என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது.

அடுத்து ஷாஃப்ட். அடி வாங்கிய படகுகளில் எனக்கு முதல் கவலை இதுதான். புரொப்பல்லர் இல்லாத ஷாஃப்ட்டின் நுனிக்கு மிக அருகில் ஒரு ஸ்க்ரூடிரைவரை அசையாமல் பிடித்துக்கொண்டு, ஷாஃப்ட்டைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். இடைவெளி முழுச் சுற்றுக்கும் ஒரே அளவில் இருந்தால் நல்லது. நெருங்கி விலகி, நெருங்கி விலகி வந்தால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது. அதற்கு மேல் வீட்டு வேலை இல்லை, மெக்கானிக்கிடம் கொண்டு போய்விடுங்கள். புதுப் புரொப்பல்லரை வளைந்த ஷாஃப்ட்டில் மாட்டினால் அதிர்வு அப்படியேதான் இருக்கும், சீலும் சீக்கிரம் போய்விடும்.

ஷாஃப்ட்டைச் சுற்றி தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். நரம்பு சீலுக்குள் அறுத்துக்கொண்டு போனால் கியர் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. மோட்டாரை ஓர் இரவு நேராக நிற்க விட்டு, காலையில் மேல் திருகைத் தொடாமல், கியர் பெட்டியின் கீழ் திருகை மட்டும் லேசாகத் தளர்த்துங்கள். எண்ணெயைவிடக் கனமானது என்பதால் தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் சொட்டும். வருகிற எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தாலும் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். திருகில் காந்தம் இருந்தால் அதில் மெல்லிய சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது வழக்கமானது. சில்லு சில்லாக உலோகம் ஒட்டியிருந்தால் கியர் பல்லே அடிபட்டிருக்கலாம்.

மணலில் ஏறியிருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். இன்ஜின் ஓடும்போது பக்கவாட்டில் பீய்ச்சுகிற குளிர்ச்சித் தண்ணீர் வழக்கத்தைவிட மெலிந்திருந்தால், மணலை இழுத்து வாட்டர் பம்ப்பில் தண்ணீரை இறைக்கும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம். கடன் வாங்கி ஓட்டியவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

புரொப்பல்லரைச் சரிசெய்வதா, புதிதாக வாங்குவதா? சிறு கீறல் என்றால் நீங்களே அரத்தால் இழைத்துவிடலாம். நுனி மடங்கியது புரொப்பல்லர் பட்டறைக்குப் போக வேண்டும். அங்கே அச்சில் வைத்து நிமிர்த்தி, சமநிலை பார்த்துத் தருவார்கள். அலுமினியம் என்றால் ஒரு தடவை சரிசெய்வது நியாயம். திரும்பத் திரும்ப நிமிர்த்தினால் உலோகம் பலவீனமாகும், புதிது வாங்குவதே மேல். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் விலை அதிகம் என்பதால் சரிசெய்வதுதான் லாபம். ஆனால் அது எளிதில் மடங்காது, அடியை ஷாஃப்டுக்குக் கடத்திவிடும். உறவினர்களும் ஓட்டுகிற, ஆழம் குறைந்த இடங்களுக்குப் போகிற படகுக்கு அலுமினியமே போதும் என்பது என் கருத்து. புதிது வாங்கினால் விட்டம், பிட்ச் (ஒரு முழுச் சுற்றில் முன்னேற வேண்டிய தூரம்) இரண்டும் பழையதைப் போலவே இருக்கட்டும். 13 x 19 என்று பொறித்திருந்தால் 13 அங்குல விட்டம், 19 அங்குல பிட்ச். பிட்ச்சில் ஓர் அங்குலம் மாறினாலே இன்ஜினின் உச்ச வேகம் ஏறக்குறைய 150 முதல் 200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) மாறும். மாட்டும்போது ஷாஃப்ட் பற்களில் மரைன் கிரீஸ் தடவுங்கள், காட்டர் பின் கண்டிப்பாகப் புதிது போடுங்கள்.

இப்போது பணத்துக்கு வருவோம். புதிய காயம் என்று தெரிந்தால் சரிசெய்யும் செலவை மைத்துனரிடம் கேட்பதில் எந்தத் தப்பும் இல்லை. "பட்டறையில இவ்வளவு கேட்கிறாங்க, நீ இதைப் பார்த்துக்கோ" என்று பில்லைக் காட்டி நேராகச் சொல்லுங்கள். மனதில் வைத்துப் புழுங்கி, அடுத்த விசேஷத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான் உறவைக் கெடுக்கும். இதையே சாக்காக வைத்து உயர்ந்த ரகப் புரொப்பல்லர் வாங்கினால், கூடுதல் தொகை உங்களுடையது. புதிய காயத்தோடு ஏற்கெனவே பழைய காயங்களும் இருந்தால் பாதிப் பாதி கேளுங்கள்.

சில சேதங்களுக்கு அவரிடம் கேட்கவே கூடாது. பல புரொப்பல்லர்களின் நடுவில், அடி விழும்போது வழுக்கி கியரைக் காப்பாற்ற ஒரு ரப்பர் புஷ் இருக்கும். அது வயதாகித் தானாகவும் பிடிமானம் இழக்கும். அப்போது இன்ஜின் உறுமும், படகு நகராது. பிளேடில் ஒரு கீறலும் இல்லாமல் இப்படி ஆகியிருந்தால், அது யார் கையில் இருந்தபோதும் ஆகியிருக்கும். சிறிய மோட்டார்களில் அடி விழும்போது தானே உடைந்து இதே வேலையைச் செய்யும் சிறு ஊசியான ஷியர் பின் உடைந்திருந்தால் அதுவும் சின்னச் செலவு, விட்டுவிடுங்கள்.

கியர் பெட்டிவரை சேதம் போயிருந்தால் தொகை பெரிதாகும். அப்போது இன்சூரன்ஸைப் பாருங்கள். புரொப்பல்லர் மட்டும் என்றால் நீங்கள் சுமக்க வேண்டிய ஆரம்பத் தொகைக்குள்ளேயே பெரும்பாலும் முடிந்துவிடும், கிளெய்ம் போடுவதில் பயன் இல்லை. உங்கள் அனுமதியோடு ஓட்டியவருக்கும் பாலிசி செல்லுமா, பெயர் எழுதிக் கொடுத்தவர்களுக்கு மட்டுமா என்பது பாலிசிக்குப் பாலிசி வேறுபடும். தாமதிக்காமல் தகவல் சொல்லிவிடுங்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் பெரிய செலவு வந்தால், ஆழம் குறைந்த இடங்கள் எவை என்று கொடுக்கும்போது அவருக்குச் சொன்னீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லியிருக்காவிட்டால் ஒரு பங்கு உங்களுடையது.

தட்டியதை உங்கள் மைத்துனர் தானாக வந்து சொன்னார். அதற்கு அவரிடம் நன்றி சொல்லுங்கள். கத்தினால் அடுத்த முறை சொல்ல மாட்டார். தண்ணீர் புகுந்த கியர் பெட்டியோடு நீங்கள்தான் தெரியாமல் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள்.

மறுபடி கொடுப்பீர்கள் என்றால், கொடுக்கும் முன் புரொப்பல்லரை இருவருமாகப் பார்த்து ஒரு போட்டோ எடுங்கள். முதல் கொஞ்ச நேரம் நீங்களும் கூடப் போய், மோட்டாரை எப்படி உயர்த்துவது, எங்கே வேகம் குறைப்பது என்று காட்டுங்கள். கில் சுவிட்ச் கயிறு ஓட்டுபவர் உடம்பில் மாட்டியிருக்க வேண்டும், யாராவது தண்ணீரில் இருந்தால் இன்ஜின் அணைந்திருக்க வேண்டும், இந்த இரண்டிலும் விட்டுக்கொடுக்காதீர்கள். அடிபட்டால் செலவு யாருடையது என்பதையும் அங்கேயே பேசிவிடுங்கள். இப்போது கழற்றிய புரொப்பல்லர் பட்டறையிலிருந்து சரியாகி வந்தால், ஒரு நட், இரண்டு காட்டர் பின், பொருத்தமான ஸ்பேனர் ஆகியவற்றோடு படகிலேயே போட்டு வையுங்கள்.